அபாயச் சங்கிலி

ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்த கனகம்மாசத்திரத்துக்காரர் ஒருவர் திருத்தணிக்கு மண்டபம் பார்க்க வந்திருந்தார். மண்டபத்தைப் பார்த்துக்கொள்கிற அம்சா அவருக்கு மணமகள் அறையைத் திறந்து காட்டினாள். சாப்பாட்டுக் கூடம், கை கழுவும் இடம், சமையல்காரர்களுக்கான குழாய் எல்லாம் காட்டி முடித்துத் திரும்பும்போது அவர் ஒரு கேள்வி கேட்டார்.

"கச்சேரி வெச்சா இந்த மேடை பத்துமாங்க?"

கேட்டது தப்பாகப் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்காக பேட்டரிக் கடையை மூடிவிட்டு வந்த சாமிநாதன், அம்சாவின் கணவன், முன்வரிசை நாற்காலி ஒன்றில் டிபன்பாக்ஸைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இன்னா மாதிரி கச்சேரி?" என்றான்.

"பாட்டுக் கச்சேரிதாங்க. லைட் மியூசிக்."

"லைட்டு!" சாமிநாதன் சிரித்தான். "நாங்கல்லாம் அந்தக் காலத்துல பண்ணது வேற. ஹார்ட்கோர் பங்க். கேள்விப்பட்டிருக்கீங்களா?"

அவர் அம்சாவைப் பார்த்தார். பங்க் என்றால் அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான். "பைபாஸ்ல புதுசா தொறந்துருக்காங்களே, அதுங்களா?"

"அது பெட்ரோல் பங்க்குங்க," என்று சாமிநாதன் நாற்காலியை இழுத்துப் போட்டான். "இது பாட்டு. ஒரு பாட்டு ஒரு நிமிசம் கூட வராது. அடிச்சா சுவரு பேந்துடும்..."

அம்சா கண்ணை மூடிக்கொண்டாள். இனி அரை மணி நேரம் போயிற்று. அடுத்து ரயில் வரும், பிறகு வாக்மேன் வரும், பிறகு கல்லூரி விழாவில் பிரின்சிபால் மின்சாரத்தை நிறுத்தச் சொன்னது வரும். அந்த இடத்தில் சாமிநாதன் எழுந்து நின்று கையை உயர்த்திக் காட்டுவான். மளிகைக்கடைக்காரரிடம் சொல்லியிருக்கிறான். இன்வெர்ட்டர் ரிப்பேருக்கு வந்தவர்களிடம் சொல்லியிருக்கிறான். சொந்த மாமனார் சாவுக்கு வந்த பள்ளிப்பட்டு ஆட்களிடமும், பாடை கட்டிக்கொண்டிருக்கும்போதே சொல்லியிருக்கிறான்.

கனகம்மாசத்திரத்துக்காரர் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். திரும்ப வரவில்லை.

கதை பொய்யில்லை. அதுதான் அம்சாவுக்கு இன்னும் எரிச்சல். நடந்ததுதான்.

இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் திருத்தணியிலிருந்து சென்னைக்குக் காலை லோக்கல் வண்டியில் படிக்கப் போனவர்கள் அவர்கள் நால்வரும். அம்சா பள்ளிப்பட்டில் தறிக்கார வீட்டுப் பெண். திருத்தணியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்தாள். சாமிநாதனும் பஞ்சாட்சரமும் திருத்தணிக்காரர்கள். கலீமுல்லா அரக்கோணத்தில் ஏறுவான். பஞ்சாட்சரத்தின் அண்ணன் கப்பலில் வேலை பார்த்தார். ஒரு தடவை ஊருக்கு வந்தபோது ஏதோ துறைமுகத்தில் சீந்துவாரில்லாமல் கிடந்த ஒரு பை நிறையக் கேசட்டுகளைக் கொண்டுவந்து தம்பியிடம் போட்டுவிட்டுப் போனார். அதில் இருந்ததுதான் இந்தப் பாட்டு. பாடுகிறவர்கள் பாடவில்லை, கத்தினார்கள். டிரம்ஸ் யாரோ துரத்துவதுபோல ஓடியது. என்ன மொழி, எந்த ஊர், எதற்குக் கோபம் என்று புரியாது. ஆனால் கோபம் என்பது புரிந்தது.

கலீமுல்லாவின் அப்பா அரக்கோணத்தில் ஸ்கூட்டர் மெக்கானிக் ஷெட் வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை ஷெட் மூடியிருக்கும். அங்கேதான் பழகினார்கள். கலீமுல்லா கிட்டார், சாமிநாதன் பேஸ் கிட்டார், பஞ்சாட்சரம் டிரம்ஸ். பாட யாருமில்லை. மூவரும் முயன்று பார்த்தார்கள். கலீமுல்லா கத்தினால் இருமல் வந்தது. அப்போது ஓரமாக ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து காலேஜ் ரெக்கார்டு எழுதிக்கொண்டிருந்த அம்சா, "குடுங்க இங்க," என்று மைக்கை வாங்கினாள். அவள் வாயைத் திறந்ததும் பக்கத்து டீக்கடைக்காரர் ஏதோ விபத்து என்று ஓடிவந்தார்.

பாட்டெல்லாம் அவள் எழுதியது. ரயில் பெட்டியில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்து 'அபாயச் சங்கிலி' என்று குழுவுக்குப் பெயர் வைத்ததும் அவள்தான். இப்போது சாமிநாதன் சொல்கிற கதையில் பெயர் "எங்களுக்குத் தோணிச்சி." பாட்டு "நாங்க போட்டது." அம்சா "அப்போ நம்மகூட பாடிகினு இருந்த பொண்ணு, அப்பறம் நானே கட்டிகினேன்."

ஆடி பிறந்தது. முகூர்த்தம் கிடையாது. கிருத்திகை வாரத்தில் காவடிக் கூட்டம் வந்து மண்டபத்தை நிரப்பும் வரைக்கும் கொஞ்சம் மூச்சு விடலாம் என்று அம்சா நினைத்திருந்தாள். அப்போதுதான் ஆகாஷிடமிருந்து போன் வந்தது.

ஆகாஷ் சென்னைப் பையன். வயசுப் பிள்ளைகள் சிலர் சேர்ந்து இந்த மாதிரிப் பாட்டுக் குழுக்களை வரவழைத்து நிகழ்ச்சி நடத்துகிறார்களாம். பஞ்சாட்சரம் போன வருஷம் தங்கள் பாட்டைப் பதிந்து வைத்திருந்த பழைய கேசட் ஒன்றை மாற்றி இணையத்தில் போட்டு வைத்திருக்கிறான். அதைக் கேட்டுவிட்டு ஆகாஷ், வடபழனியில் ஒரு மாடி ஹாலில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வந்து வாசிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறான்.

சாமிநாதன் போனை வைத்துவிட்டு வீட்டுக்குள் இரண்டு சுற்று சுற்றினான். "என் பேஸ் கிட்டார எங்க வெச்ச?" என்றான்.

"நானா வெச்சேன்? பரண்ல உங்கம்மா பித்தள அண்டாவுக்குள்ள இருக்குது. நீதான் வெச்ச."

"நம்ம பாட்ட கேட்டு ஒரு பையன் அழுதானாம் அம்சு."

"காது வலிச்சிருக்கும்."

அடுத்த ஞாயிறே மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் மேஜைகளை ஒதுக்கிவிட்டு ஒத்திகை வைத்தார்கள். மண்டப முதலாளியிடம் சாமிநாதன் என்ன சொல்லிச் சம்மதம் வாங்கினான் என்று அம்சா கேட்கவில்லை. கேட்டால் கோபம் வரும் என்று தெரியும்.

பஞ்சாட்சரம் சென்னையில் ஒரு வங்கியில் இருக்கிறான். இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு, சாய்ந்து உட்கார ஒரு தலையணையும் எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினான். கலீமுல்லா இப்போது திருத்தணியிலேயே டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். டிரம்ஸை வாடகைக்குப் பிடித்துத் தன் குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு வந்தான். கூடவே அவன் மனைவி கைசர் ஜஹானும் வந்தாள், கணவன் இருபது வருஷமாகச் சொல்லிவந்தது உண்மையா என்று பார்க்க.

"நீங்க பாடலியாக்கா?" என்று கைசர் ஜஹான் கேட்டாள்.

அம்சா சாமிநாதனைப் பார்த்தாள். அவன் வயரை மாட்டுவதில் மும்முரமாக இருந்தான். "உனக்கு கிருத்திக வேல இருக்குமேன்னு... நானே பாடிடலாம்னு..." என்றான். "நீ ரெஸ்ட் எடு."

ஸ்டோர் ரூமில் சமையல் பாத்திரங்களை எண்ணி அடுக்குகிற வேலை பாக்கி இருந்தது. அம்சா போய் அதைப் பார்த்தாள்.

ஆனால் சுவர் ஒன்றுதானே குறுக்கே. காதை என்ன செய்வது? முதல் பாட்டைத் தொடங்கினார்கள், நிறுத்தினார்கள். யார் வேகம் சரி என்று சண்டை. பஞ்சாட்சரம் பழைய வேகத்தில் கொஞ்ச நேரம் அடித்துவிட்டு, "இரு, இரு, புடிச்சிகிச்சி," என்று தலையணையில் சாய்ந்தான். கலீமுல்லா மட்டும் பேசாமல் கிட்டாரை மீட்டிக்கொண்டிருந்தான். அவன் வாசித்தது நன்றாகவே இருந்தது. மற்ற இருவரும் அதைக் கவனிக்கவில்லை. அவர்கள், பிரின்சிபால் மின்சாரத்தை நிறுத்தியது இரண்டாவது பாட்டிலா மூன்றாவது பாட்டிலா என்பதில் இருந்தார்கள்.

"இப்பத்து பசங்களுக்கு இன்னாடா தெரியும்," என்று சாமிநாதன் சொன்னது ஸ்டோர் ரூமில் கேட்டது. "எல்லாம் கம்ப்யூட்டர்ல தட்றானுங்க. நம்ம கிட்ட நெருப்பு இருந்தது."

"ஆங், நெருப்பு," என்றான் பஞ்சாட்சரம், மூச்சு வாங்கிக்கொண்டு.

அதன் பிறகு 'நவுரு' பாட்டைத் தொடங்கினார்கள். அம்சா ஒரு கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். கலீமுல்லாவின் கிட்டார் அந்தப் பாட்டுக்குள் நுழைகிற விதத்தில் அவள் முதுகு இன்னமும் சிலிர்த்தது. அதை அவளால் தடுக்க முடியவில்லை. பிறகு சாமிநாதன் கத்தினான்.

"நவுரு! நவுரு! கூட்டம் வருது, நாக்காலிய உடு! நவுரு! நவுரு! கோட்ட உங்கப்பன்தா? வழிய உடு!"

அம்சா கரண்டியைக் கீழே வைத்தாள்.

கூட்டமா? நாற்காலியா? கோட்டையா?

பாட்டு முடிந்ததும் சாமிநாதன் கைசர் ஜஹானுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்தான். "இது அரசாங்கத்த பாத்து கேக்கறதும்மா. கோட்டன்னா ஜார்ஜ் கோட்ட. அந்த வயசுலயே எங்களுக்கு அரசியல் தெளிவு இருந்தது பாரு. ஆகாஷ் கிட்டயும் சொன்னேன், அதிகாரத்த எதுத்து தமிழ்ல வந்த..."

ஸ்டோர் ரூமை ஒட்டித்தான் மெயின் ஸ்விட்ச். அம்சா அதைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

ஃபேன் நின்றது, லைட் போயிற்று. கிட்டாரில் இருந்த சத்தம் நடுவில் அறுந்தது. மூன்று ஆண்களும் இருட்டில் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "கரண்ட் போச்சா?" என்று பஞ்சாட்சரம் கேட்டான்.

"போவல. நான்தான் நிறுத்துனேன்," என்று அம்சா வாசற்படியில் வந்து நின்றாள். "அது கோட்ட இல்ல. கதவு."

"இன்னா?"

"கதவு உங்கப்பன்தா, வழிய உடு. கூட்டம் வருது இல்ல, கூட வருது. கீரக்கூட. 'கூட வருது, கால எடு.' நான் எழுதுனது அதான்."

"சரி, இருவத்தஞ்சு வருசம் ஆச்சி, ஒரு வார்த்த ரெண்டு வார்த்த மாறும்..."

"யோவ், சும்மா இரு. நான் பேசிக்கறேன்." அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "திருவள்ளூர்ல ஒரு கீரக்காரம்மா ஏறுவாங்களே, ஞாபகம் இருக்குதா? பெரிய கூட. ஒருநாள் அவங்க ஏற வந்தாங்க. கதவுல மூணு பேர் நின்னுகினு இருந்தானுங்க. அந்தம்மா 'நவுருடா, நவுருடா'ன்னு கத்தறாங்க. மூணு பேரும் கண்ண மூடிகினு தலைய ஆட்டிகினு இருக்கறானுங்க. நான் உள்ள இருந்து முதுவுல குத்தறேன். ஒருத்தன் கூட திரும்பல. வண்டி எடுத்துட்டான். அந்தம்மா கூடைய தலையில வெச்சிகினு பிளாட்பாரத்துல ஓடி வராங்க, கீரக்கட்டு ஒண்ணொண்ணா விழுது. அப்பறம் நின்னுட்டாங்க. அன்னிக்கு காலேஜுக்கு போய் எழுதுன பாட்டு இது."

"யார்ரா அவனுங்க?" என்றான் சாமிநாதன் உண்மையான ஆத்திரத்தோடு.

அம்சா அவனையே பார்த்தாள். அவனுக்குப் புரியவில்லை. கலீமுல்லாவுக்குத்தான் முதலில் புரிந்தது. அவன் கிட்டாரை மெதுவாகக் கழற்றி மேஜைமேல் வைத்தான்.

"நாமதான்டா," என்றான்.

அந்த வாரம் கப்பல் கேசட்டில் புதிதாக ஒன்று கேட்டது கலீமுல்லாவுக்கு நினைவிருந்தது. இரண்டு பேர் வாக்மேன் இயர்போனை ஆளுக்கொரு காதில் மாட்டிக்கொண்டு நிற்க, மூன்றாமவன் அதில் கசிகிற சத்தத்துக்கே காதை ஒட்டிக்கொண்டு தலையாட்டியதும்.

"நான் உள்பக்கமாதான் நின்னேன்," என்றான் பஞ்சாட்சரம்.

"நீ எந்தப் பக்கம் நின்னா எனக்கு இன்னா?" அம்சாவுக்குக் குரல் உயர்ந்தது. "உலகத்துல இருக்கற அநியாயத்துக்கெல்லாம் கத்தறானே ஒருத்தன், அவன் பாட்ட கேட்டுகினே ஒரு பொம்பளைய வண்டி ஏற உடாம நிக்கறீங்க. சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. அதான் எழுதுனேன். நீங்க வந்து எனக்கு வாசிச்சும் குடுத்தீங்க. எங்க பாத்தாலும் 'நவுரு'ன்னு கத்தினீங்க. இருவத்தஞ்சு வருசமா அத கோட்டைக்கு அனுப்பிட்டு நீங்க இங்க உக்காந்துகினு இருக்கறீங்க."

"அப்பவே சொல்லியிருக்கலாமே," என்றான் சாமிநாதன். குரல் இறங்கியிருந்தது.

"சொன்னேன். அன்னிக்கு சாயந்திரமே வண்டியில வெச்சி சொன்னேன். நீங்க கேசட்ட திருப்பிப் போட்டுகினு இருந்தீங்க."

கைசர் ஜஹான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சாப்பாட்டுக் கூடத்தை விட்டு வெளியே போனாள். வெளியே போன பிறகுதான் சிரித்தாள். ஆனால் உள்ளே நன்றாகக் கேட்டது.

அன்று ஒத்திகை அவ்வளவுதான். வீட்டுக்கு வந்த சாமிநாதன் பேசவில்லை. மறுநாளும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் நிம்மதி என்று இத்தனை வருஷமாக நினைத்திருந்த அம்சாவுக்கு அந்த மௌனம் அவன் பேச்சைவிட எரிச்சலாக இருந்தது. சட்டை எங்கே என்று கேட்காமல் அவனே பீரோவைக் குடைந்தான். குழம்பில் உப்பு இல்லை என்றால் சொல்வானே, அதையும் சொல்லவில்லை. விழுங்கினான். ஒரு மனுஷன் இப்படி மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் நடமாடினால் யாருக்குத்தான் தாங்கும்?

ஒரு சாயங்காலம் அவள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவன் கீழே வாசலில் நின்று ஆகாஷிடம் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

"ஆமாப்பா, அந்தப் பாட்டுக்குப் பின்னால ஒரு கத இருக்குது. ஒரு பூக்காரப் பொண்ணு. சின்னப் பொண்ணு. வண்டி ஏற முடியாம தவிக்குது. நான் கைய நீட்டறேன்..."

அம்சா கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு மாடிச் சுவரைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். பூக்காரப் பொண்ணா? கை நீட்டினானா? இவனை இப்படியே விட்டால் வடபழனி போவதற்குள் கீரைக்காரம்மாவை இவனே தூக்கி வண்டியில் உட்கார வைத்துவிடுவான். அவன் காலில் கல் எடுத்துப் போடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குப் பதிலாக மேலிருந்தே கத்தினாள்.

"போன வைய்யா! அந்தப் பையன் கிட்ட சொல்லு, நான்தான் பாடறேன்னு! நீ பாட வேணாம், கதயும் சொல்ல வேணாம்!"

தெருவில் போன ஆட்டோக்காரர் பிரேக் போட்டு மேலே பார்த்தார். சாமிநாதன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். பல நாளைக்குப் பிறகு அவன் முகம் மலர்ந்தது.

"அதே வாய்ஸ், அம்சு," என்றான். "அப்படியே இருக்குது."

அம்சாவுக்கு அழுவதா அடிப்பதா என்று தெரியவில்லை. கீழே விழுந்த துணியை மறுபடியும் அலசவேண்டும் என்பது மட்டும் தெரிந்தது.

வடபழனிக்குக் குட்டியானையில் போனார்கள். முன்னால் கலீமுல்லாவும் கைசர் ஜஹானும். பின்னால் டிரம்ஸோடு சாமிநாதனும் அம்சாவும், வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டுக்கொண்டு. கே.ஜி.கண்டிகை தாண்டும் வரைக்கும் சாமிநாதன் வாயைத் திறக்கவில்லை. டீக்கடை ஒன்றில் நிறுத்தி டீ வாங்கிக் கொடுத்தபோதுதான் பேசினான்.

"நான் அன்னிக்கு வேணும்னு நிக்கல அம்சு. கண்ண மூடிகினு இருந்தேன்." டம்ளரை உருட்டிக்கொண்டே இருந்தான். "அந்தப் பாட்டு அவ்ளோ நல்லா இருந்தது. உலகமே இல்ல. எங்க வீடு, எங்கப்பன் அடி, அரியர்ஸ், ஒண்ணும் இல்ல. அத மாதிரி அப்பறம் எதுவும் இல்ல. அதான் சொல்லிகினே இருக்கறேன் போல."

அம்சா டீயைக் குடித்தாள். அவளுக்கும் தெரியும். மெக்கானிக் ஷெட்டில் கழற்றிப் போட்ட ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்று கத்தியபோது, மெதுவாகப் பேசு, மெதுவாக நட, நைனா காதில் விழப்போகிறது என்று வளர்த்த பள்ளிப்பட்டு வீடு அவளுக்கும் இல்லாமல்தான் போனது. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறான். இரண்டில் எது மேல் என்று யோசித்தாள்.

"அந்தம்மா பூக்காரி இல்ல," என்றாள். "கீரக்காரம்மா. வயசானவங்க."

"ஆங். தெரியும்."

"தெரிஞ்சுகினே சொன்னியா?"

"சொல்லும்போது அப்பிடி வந்துடுச்சி."

ஹாலில் பிள்ளைகள் நிறைந்திருந்தார்கள். எல்லாரும் கருப்பு டீ ஷர்ட். இந்த வெயிலில் எப்படிப் போட்டிருக்கிறார்கள் என்று கைசர் ஜஹான் வியந்தாள். ஆகாஷ் ஓடிவந்து அம்சாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆன்ட்டி, உங்க வாய்ஸ்தானா அது?" என்றான். ஆன்ட்டி என்றது பிடிக்கவில்லை. கேள்வி பிடித்திருந்தது.

மேடை ஏறினார்கள். நேராக ஹாலுக்கே வந்திருந்த பஞ்சாட்சரம் தலையணையை வைத்து உட்கார்ந்தான். பேசமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்த சாமிநாதன் மைக்கின் முன்னால் போய் நின்றான். "ஒரே நிமிசம்," என்றான்.

அம்சா கண்ணால் மெயின் ஸ்விட்சைத் தேடினாள்.

"இந்தப் பாட்டு எங்க மூணு பேரப் பத்தினது," என்று சாமிநாதன் ஆரம்பித்தான். "நாங்க கதவுல நின்னோம். ஒரு கீரக்காரம்மாவ ஏற உடல. எழுதினது என் பொண்டாட்டி." பிள்ளைகள் கைதட்டினார்கள். அங்கேயே அவன் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. "இப்ப நீங்க யோசிக்கணும். ஒரு ஆம்பள தான் செஞ்ச தப்ப தானே ஒத்துக்கறதுக்கு எவ்ளோ தைரியம் வேணும்? அந்தக் காலத்து பங்க் எங்களுக்கு கத்துக் குடுத்தது அதான். நான் சின்ன வயசுல..."

ரயில் வந்தது. வாக்மேன் வந்தது. முன்வரிசையில் ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. பிரின்சிபால் வந்து, சாமிநாதன் கையை உயர்த்தப் போகும் நேரத்தில் அம்சா அவனைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"நவுரு!" என்றாள்.

அது பாட்டின் முதல் வார்த்தை என்று கலீமுல்லா நினைத்துக்கொண்டான். கிட்டார் உள்ளே பாய்ந்தது. டிரம்ஸ் பின்னாலேயே விழுந்தடித்து ஓடியது. சாமிநாதன் தடுமாறித் தன் பேஸைப் பிடித்தான்.

இரண்டாவது வரியில் அவள் குரல் உடைந்தது. காற்றுதான் வந்தது. பழசை நினைத்தால் வரும் என்று அவள் நினைத்திருந்தாள். வரவில்லை. வந்தது வேறு. வாய்க்கால் அடைத்துக்கொண்டு மண்டபத்துப் பின்பக்கம் நாறுகிறது, ஆறு மாதமாகச் சொல்லியும் முதலாளி காதில் வாங்கவில்லை. போன முகூர்த்தத்தில் மணமகள் அறைக் கதவைத் தட்டாமல் திறந்த மாப்பிள்ளையின் சித்தப்பா, கேட்டதற்கு "நீ யாரு கேக்கறதுக்கு?" என்றான். பரணிலிருந்து இறக்கிய பித்தளை அண்டா இன்னும் நடுக்கூடத்தில் கிடக்கிறது, மூன்று தடவை அதில் இடித்துக்கொண்டாள். அதெல்லாம் தொண்டைக்கு வந்தது. கூட வருது, கால எடு! கதவு உங்கப்பன்தா, வழிய உடு!

முடிந்துவிட்டது. ஒரு நிமிஷம்கூட இல்லை. பஞ்சாட்சரம் மட்டும் எல்லாரும் நிறுத்திய பிறகும் கொஞ்ச நேரம் அடித்துக்கொண்டிருந்தான்.

பிறகு பிள்ளைகள் கத்திய கத்தலில் கைசர் ஜஹான் காதைப் பொத்திக்கொண்டாள். மறுபடியும் வேண்டுமென்றார்கள். மறுபடியும் வாசித்தார்கள். இரண்டாம் தடவை இன்னும் வேகமாக, இன்னும் மோசமாக இருந்தது. யாரும் கவலைப்படவில்லை.

இறங்கியபோது தண்ணீர் பாட்டிலோடு ஒரு பெண் வந்தாள். கல்லூரியில் படிக்கிற வயசு.

"அக்கா, அந்தம்மா அப்பறம் அடுத்த டிரெயின்ல வந்தாங்களா?"

அம்சா பாட்டிலைத் திறக்காமல் கையில் வைத்திருந்தாள். பிரின்சிபாலைப் பற்றியும் வாக்மேனைப் பற்றியும் இருபத்தைந்து வருஷம் பேசியாயிற்று. இதை ஒருவரும் கேட்டதில்லை. அவளே கேட்டுக்கொண்டதில்லை.

"தெர்லமா," என்றாள். "வண்டி போயிடுச்சி." இதைச் சொல்லும்போதே குரல் கரகரவென்று இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் குரல் சுத்தமாக இல்லை. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இன்னாம்மா பண்ணீங்க?" என்று கேட்டார். ஒரு வாரம் வாயே திறக்கக்கூடாது என்றார். அம்சாவுக்குப் பதிலாக சாமிநாதன் அவருக்கு ஹார்ட்கோர் பங்க்கை விளக்கத் தொடங்கினான். அவள் அவன் சட்டைக் காலரைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு வந்தாள்.

கிருத்திகைக் கூட்டம் வந்து இறங்கியது. மண்டபம் முழுக்கக் காவடிகள், மஞ்சள் துணி, குழந்தைகள், வரிசையாக விரித்த பாய்கள். ஒரு பக்கம் அரோகரா, இன்னொரு பக்கம் குழாயில் தண்ணீர் வரவில்லை என்று சத்தம். அம்சா கையை ஆட்டிக் காட்டுவதை சாமிநாதன் மொழிபெயர்த்தான். தண்ணீர் லாரியைக் கூப்பிடச் சொன்னால், லாரியை ஓரமாக நிறுத்தச் சொன்னான். பெண்கள் பின்பக்கம் குளிக்கட்டும் என்று காட்டினால், பின்பக்கம் யாரும் போகக்கூடாது என்று அறிவித்தான். பள்ளிப்பட்டிலிருந்து வந்திருந்த கெங்கம்மாள் என்ற அம்மாள் நேராக அவளிடம் வந்து, "பாப்பா, அந்த ஆள நடுவுல உடாத, நீயே கைய காட்டு, நாங்க புரிஞ்சிக்கறோம்," என்றார்.

வாய் திறக்க முடியாமல் இத்தனை ஆத்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டு இருப்பது எப்படிப்பட்ட தண்டனை! அடைத்த வாய்க்காலை எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பியவளுக்கு ஒரு வரி வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்தாள். இரண்டாவது வந்தது. போனை எடுத்து, ஆகாஷ் நிகழ்ச்சிக்காக ஆரம்பித்திருந்த வாட்ஸ்அப் குழுவில் தட்டினாள்.

அடச்சிருக்குது அடச்சிருக்குது
ஆறு மாசமா சொல்றேன்
உனக்கு மூக்கு இல்லியா
இல்ல காது இல்லியா

முதலில் சாமிநாதனிடமிருந்து பதில் வந்தது. பத்தடி தள்ளி, பந்தியில் நின்றுகொண்டே அனுப்பியிருந்தான்: "இது ஹார்ட்கோர் மாதிரி இல்லியே. பழைய பாட்டுல இருந்த ஆழம் இல்ல." அவள் நிமிர்ந்து அவனை முறைத்தாள். அவன் சாம்பார் வாளிக்குப் பின்னால் நகர்ந்துகொண்டான்.

கலீமுல்லா எழுத்தில் எதுவும் சொல்லவில்லை. ஒரு ஒலித்துணுக்கு அனுப்பியிருந்தான். போனைக் காதருகே வைத்துக் கேட்டாள். ஒர்க்‌ஷாப்பில் யாரோ பைக்கை முறுக்கிக்கொண்டிருக்கிற சத்தம், அதற்கு மேலே அவன் கிட்டார், அந்த நான்கு வரிக்குச் சரியாக. நடுவில் கைசர் ஜஹான், "இன்னும் வேகமா அடிங்க," என்று சொல்வதும் கேட்டது.

கடைசியாகப் பஞ்சாட்சரம் எழுதியிருந்தான்: "எவ்ளோ வேகம்னு முன்னாடியே சொல்லிடுங்க. நான் டாக்டர் கிட்ட கேக்கணும்."

அம்சா அதைப் படித்துவிட்டு ஐந்தாவது வரியைத் தட்டத் தொடங்கினாள். குழாயடியிலிருந்து மறுபடியும் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். ஒரு நிமிஷம் என்று கையைக் காட்டினாள்.